படுக்க வைக்கும் இரக்கம்

உம்மாவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்த நாட்களில் ஊரில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "சேர், ஒப்பரேஷன் சரியா?" நானும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ், சரி." அது பொய்யல்ல. தட்டும் திருகாணியும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய டொக்டர் திருப்தியோடு தலையசைத்தார். ஆனால் அந்தப் பதிலைச் சொல்லித் திரிந்த ஐந்து வாரமும் உம்மா கட்டிலை விட்டு எழும்பவில்லை. எலும்பு சரி, உம்மா படுக்கையில். இந்த இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. ஏன் உறைக்கவில்லை என்பதைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

நான் வைத்தியனல்லன். முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில் படிப்பிப்பவன். ஆசிரியர் கலாசாலையில் பயிலும்போது உளவியலும் ஒழுக்கவியலும் கொஞ்சம் படித்தேன். பெற்றோர் முதுமையடைந்தால் அவர்கள் முன் முகம் சுளிக்கவும் கூடாது என்று வருடா வருடம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தும் வருகிறேன். நான் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் உம்மாவுக்குக் கேடு செய்தேன். இரக்கத்தாலும் கேடு செய்ய முடியும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

2022 நவம்பர். வன்னியில் மாரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுபஹுக்கு வுழு எடுக்கக் கிணற்றடிக்குப் போன உம்மா பாசி பிடித்த சீமெந்தில் வழுக்கி இடப்பக்கமாக விழுந்தா. அப்போது அவவுக்கு 74 வயது. தூக்கிப் பார்த்தோம், காலை ஊன்ற முடியவில்லை. இடக்கால் வலக்காலை விடக் கட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. பின்னர் டொக்டர் சொன்னார், அந்தத் தோற்றமே இடுப்பு முறிவின் அடையாளமாம். என் மகன் தொலைபேசியில் 1990 ஐ அழுத்தினான். 2016 இல் தென்பகுதியில் தொடங்கி 2018 இல் எங்கள் மாகாணத்துக்கும் வந்த இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் அது. அவனுக்கு அது வெறும் இலக்கம். உம்மாவுக்கும் எனக்கும் அது ஒரு வருடம். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது 10. உம்மா தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தா. அந்த இடுப்புத்தான் இப்போது முறிந்திருந்தது.

இடுப்பு முறிவு என்று நாம் சொன்னாலும் முறிவது தொடையெலும்பின் மேற்பகுதி. அதன் உச்சியில் பந்து போன்ற ஒரு தலை இருக்கிறது. அதைத் தாங்கும் ஒடுங்கிய கழுத்து, கழுத்துக்குக் கீழே தடித்த பகுதி. தலைக்குப் போகும் இரத்தத்தில் பெரும்பங்கு கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய நாளங்கள் வழியாகவே செல்கிறது. கழுத்து முறிந்து விலகினால் அந்த நாளங்கள் அறுந்து தலை உயிரற்றுப் போகக்கூடும். ஆகவே வயதானவர்களுக்குப் பெரும்பாலும் தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்தொன்றைப் பொருத்துகிறார்கள். கீழே தடித்த இடத்தில் முறிந்தால் இரத்த ஓட்டம் கெடுவதில்லை. அங்கே தட்டும் திருகாணியும் வைத்தோ, எலும்பின் உள்ளே ஆணி செலுத்தியோ இறுக்குகிறார்கள். உம்மாவுக்கு முறிந்தது கீழே. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாகப் பலம் குறைகிறது. அதனால் இளவயதில் ஒரு சிராய்ப்போடு போயிருக்கும் வழுக்கல் எழுபதில் இப்படி முடிகிறது.

ஏன் சத்திரசிகிச்சை? எலும்பைப் பொருத்தத்தான் என்று நினைத்திருந்தேன். அது பாதிப் பதில். தடித்த பகுதியில் ஏற்படும் முறிவு, காலில் எடை கட்டி இழுத்து மாதக்கணக்கில் அசையாமல் கிடத்தினாலும் பொருந்தக்கூடியதே. சத்திரசிகிச்சை பரவுவதற்கு முன் உலகெங்கும் அப்படித்தான் செய்தார்கள். எலும்பு பொருந்தியது, ஆனால் ஆள் தங்கவில்லை. படுக்கையில் கிடந்த மாதங்களில் நெஞ்சில் சளி கட்டியது, முதுகில் புண் வந்தது, சிறுநீரில் கிருமி தொற்றியது, காலில் இரத்தம் உறைந்தது. தட்டும் திருகாணியும் கண்டுபிடிக்கப்பட்டது முதியவரை அந்தப் படுக்கையிலிருந்து காப்பாற்றுவதற்காக. அறுத்து, துளைத்து, ஆணியடித்து அவர்கள் செய்வதெல்லாம் மறுநாள் காலையில் அந்த மனிதர் எழும்பி நிற்க வேண்டும் என்பதற்காகவே. எழும்பவில்லையென்றால் சத்திரசிகிச்சையின் வலியைக் கொடுத்துவிட்டு அதன் பயனைத் தட்டிப் பறித்தவர்களாகிறோம்.

1996 இல் புத்தளத்து முகாமில் என் வாப்பாவின் தாய், எங்கள் மூத்தம்மா, விழுந்தா. சத்திரசிகிச்சை பற்றி யாரும் பேசவில்லை. முறிவு வைத்தியர் வந்து எண்ணெய் போட்டு மட்டை வைத்துக் கட்டினார். ஓலைக் கொட்டிலின் மூலையில் மூத்தம்மாவைக் கிடத்தி, பிள்ளைகளும் மருமக்களும் மாறி மாறி விசிறி, கஞ்சி பருக்கி, யாசீன் ஓதினார்கள். மூன்று மாதத்தில் மவுத்தானா. "நல்லாப் பாத்தாங்க" என்று முகாம் முழுதும் சொன்னது. உண்மைதான், நல்லாகத்தான் பார்த்தார்கள். வேறு எதுவும் செய்ய முடியாத இடத்தில் படுக்க வைத்து அருகில் இருப்பதே முழுமையான அன்பு. நான் அன்பு என்றால் என்னவென்று கற்றது அந்தக் கொட்டிலில்தான்.

26 வருடங்களுக்குப் பிறகு அதே அன்பைத்தான் உம்மாவுக்கும் கொடுத்தேன். உம்மாவின் இடுப்பில் உலோகம் இறங்கியிருந்தது. என் அன்பு மட்டும் ஓலைக் கொட்டிலிலேயே நின்றுவிட்டது.

சத்திரசிகிச்சை முடிந்த அன்று மாலை, பார்வையாளர் நேரம் முடியும் தறுவாயில், உம்மா என்னைப் பார்த்து, "எழும்பு மகன், உடுப்பைக் கட்டு. நேரம் போகுது. வீட்டுச் சாவி எங்கை?" என்றா. கண்கள் என்னைப் பார்த்தாலும் என்னைக் காணவில்லை. "உம்மா, இது ஆஸ்பத்திரி. இது 2022" என்றேன். என்னை அறியாத ஆளைப் போல் பார்த்துவிட்டுக் கட்டிலை விட்டு இறங்கப் போனா. நானும் தாதியும் தோளைப் பிடித்து அமர்த்தினோம். பிடிக்கப் பிடிக்கப் பயம் கூடியது. என் மனைவி குனிந்து, "சாவி என்ட கையில இருக்கு மாமி. எல்லாரும் வந்துட்டாங்க, ஒருத்தரும் விடுபடல்ல" என்றாள். உம்மா அவளுடைய கையைப் பிடித்தபடி கண்ணயர்ந்தா.

இந்த மனத்தடுமாற்றம் பைத்தியமல்ல என்று பின்னர் விளங்கிக்கொண்டேன். இடுப்பு முறிந்த முதியவர்கள் பலருக்கு இது வருகிறது. மயக்க மருந்து, வலி, தாகம், கிருமித் தொற்று, பழக்கமில்லாத இடம் எல்லாம் சேர்ந்து சில நாட்களுக்கு மூளையைக் குழப்பிவிடுகின்றன. பகலில் தெளிந்து அந்தியில் கூடும். மூக்குக் கண்ணாடியைக் கொடுப்பதும், பழகிய முகம் அருகில் இருப்பதும், தண்ணீர் பருக்குவதும், பகலில் எழுப்பி உட்கார வைப்பதும் உதவும். நான் திகதியைச் சொன்னேன், மனைவி பயத்துக்குப் பதில் சொன்னாள். அன்றிரவே நான் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். வெளியேற வேண்டும் என்ற பயத்தில் உம்மா தானாகவே எழும்பப் பார்த்தா. அந்த உடலில் எழும்பும் பலம் இருந்தது.

மறுநாள் காலை உடற்பயிற்சி சொல்லித்தரும் மிஸ் வோக்கரோடு வந்தா. சிங்களப் பெண், கொச்சைத் தமிழ். "அம்மா, எழும்பு, நில்லு, ரெண்டு அடி" என்று சொல்லிக்கொண்டே உம்மாவின் கால்களைக் கட்டிலின் ஓரத்துக்கு எடுத்தா. உம்மா அலறினா. நான் அந்த அலறலை அதற்கு முன் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், வாப்பாவின் ஜனாஸா வீட்டை விட்டுப் போனபோது. "பாவம் மிஸ், நாளைக்குப் பாப்பம்" என்றேன். "ஐயா, நீங்க வெளிய நில்லுங்க" என்றா. நான் வெளியே போகவில்லை. மகன் என்ற உரிமையோடு உம்மாவின் தலைமாட்டில் நின்றேன். அவ வேறு நோயாளியிடம் போனா. அடுத்த நாளும் அப்படியே. ஏழாம் நாள் துண்டு வெட்டினார்கள். செய்ய வேண்டிய பயிற்சிகள் படத்தோடு அச்சிடப்பட்ட தாள் ஒன்றும் தந்தார்கள். அதை என் பாடக்குறிப்புப் புத்தகத்துக்குள் வைத்தேன். வீட்டுவேலை செய்யாமல் வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தும் ஆசிரியன் நான்.

வீட்டில் உம்மாவுக்கு விறாந்தையில் கட்டில் போட்டோம். காற்று வரும், வருகிறவர்களைப் பார்க்கலாம். சாப்பாடு கட்டிலுக்கு வந்தது, தேத்தண்ணி கட்டிலுக்கு வந்தது, தஸ்பீஹ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாடசாலை விட்டு வந்ததும் கால்மாட்டில் இருந்து பாதத்தைப் பிடித்து விடுவேன். சுகம் விசாரிக்க வந்தவர்கள் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். "இந்தக் காலத்தில இப்பிடி ஒரு மகன்" என்றார்கள். அந்தச் சொல் எனக்கு இனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

மூன்றாம் வாரம், உம்மாவைக் கழுவிய மனைவி முதுகின் அடியில், இருப்பெலும்புக்கு மேலே, தோல் கறுத்து உரிந்திருப்பதைக் கண்டாள். படுக்கைப் புண். நான்காம் வாரம் இடது கெண்டைக்கால் வீங்கி இறுகியது. மறுபடியும் ஆஸ்பத்திரி. ஸ்கேன் செய்து பார்த்தபோது நாளத்தில் இரத்தம் கட்டியிருந்தது. அந்தக் கட்டி உடைந்து சுவாசப்பைக்குப் போனால் ஒரு மூச்சில் முடிந்துவிடும் என்றார்கள். வயிற்றில் ஊசி போட்டார்கள், பிறகு மாதக்கணக்கில் குளிசை.

கால் நாளத்தில் உறையும் இரத்தம் உடைந்து பயணித்துச் சுவாசப்பையை அடைக்கிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் விளக்கியவர் ருடோல்ப் விர்ஷோ என்ற ஜெர்மன் மருத்துவர். 1902 ஜனவரியில், 80 வயதில், அவர் பெர்லினில் ஓடும் டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். அதிலிருந்து முழுதாக மீளவே இல்லை. அவ்வருடம் செப்டெம்பரில் காலமானார். அறிவு அவரிடம் குறைவாக இருக்கவில்லை. ஆனால் முறிந்த இடுப்போடு ஒரு முதியவரை விரைவில் எழுப்பி நிறுத்தும் வழி அந்தக் காலத்தில் இருக்கவில்லை. எங்கள் மூத்தம்மாவுக்கும் இருக்கவில்லை. உம்மாவுக்கு இருந்தது, நான்தான் வாசலை மறித்து நின்றேன்.

2023 டிசம்பரில் தெலங்கானாவின் முன்னாள் முதலமைச்சர் சந்திரசேகர் ராவ் விழுந்து இடுப்பு முறிந்து, இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது. மறுநாளே அவர் வோக்கரைப் பிடித்து நடக்கும் காட்சி செய்திகளில் வந்தது. அதைப் பார்த்தபோது எனக்குப் பணம் நினைவுக்கு வரவில்லை. வோக்கரும் மிஸ்ஸும் உம்மாவுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே வந்தார்கள். இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1994 இல் இடுப்பு முறிந்த பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பருக்குச் செயற்கை மூட்டு பொருத்தப்பட்டது. உலகின் மிகச் சிறந்த மருத்துவம் கிடைத்தும் அவர் பழையபடி நடக்கவில்லை, கைத்தடி அவரோடு தங்கிவிட்டது. எழுப்பி நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார், சில இடங்களில் அது மூன்றில் ஒருவரை நெருங்குகிறது. எஞ்சியவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்பு நடந்த நடைக்குத் திரும்புவதில்லை. நல்ல பராமரிப்பு இருந்தும் இழக்கலாம். ஆனால் விதியால் இழப்பதற்கும் கவனக்குறைவால் இழப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கவனக்குறைவை விதியின் கணக்கில் எழுதுவது நமக்குப் பழகிப்போன ஒன்று.

இரண்டு பேர் என் கண்ணைத் திறந்தார்கள்.

முதலாவது என் மனைவி. இரத்தக்கட்டிக்கு வைத்தியம் முடிந்து வீடு வந்த இரவு, உம்மாவை மீண்டும் விறாந்தைக் கட்டிலில் கிடத்திவிட்டு, "பாவம், வேதனைப்படுத்தாம இருக்கட்டும்" என்றேன். அவள் பீங்கானை வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க எரக்கப்படுறீங்க. நான் கழுவுறன்." கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். அந்த ஐந்து வாரத்தில் நான் உம்மாவின் பாதத்தைப் பிடித்தேன், அவள் மலசலம் எடுத்தாள். என் தங்கச்சி வவுனியாவிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் பஸ்ஸில் வந்து துணி துவைத்தாள். என் இரக்கத்தின் செலவை யார் கொடுத்தார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. ஆண் பிள்ளை தாயின் மறைவிடத்தைப் பார்க்கலாகாது என்ற ஒழுக்கம் சரியானதே. ஆனால் அந்த ஒழுக்கத்தின் நிழலில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்ச நாள் படுக்கட்டும்" என்று தீர்மானிக்கும் உரிமையை மட்டும் நான் வைத்துக்கொண்டது எப்படிச் சரியாகும்?

இரண்டாவது, சந்தியில் தொலைபேசி திருத்தும் தம்பி. 2009 இல் ஷெல் துண்டொன்று அவருடைய முள்ளந்தண்டைத் தாக்கியது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. இந்த மண்ணில் அப்படிப் பலர் இருக்கிறார்கள். மாங்குளத்தில் 'உயிரிழை' என்ற பெயரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தமக்கென ஓர் அமைப்பையும் வைத்திருக்கிறார்கள். தொலைபேசிக்குக் கண்ணாடி மாற்றப் போன நான் உம்மாவின் கதையைச் சொன்னேன். எல்லோரையும் போல அவரும் ஒப்பரேஷனைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"சேர், அம்மாவின்ர குதிக்காலைப் பாத்தனீங்களோ?"

நான் பார்க்கவில்லை. தினமும் பிடித்து விட்ட பாதத்தின் அடியை ஒரு நாளும் திருப்பிப் பார்க்கவில்லை.

"பம்பைமடு ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எங்களைப் பிரட்டி விடுவினம். குதிக்காலைப் படுக்கையிலை முட்ட விடமாட்டினம், கெண்டைக்குக் கீழை தலையணை வைப்பினம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். பிறகு கண்ணாடியை ஒட்டியபடியே, "சேர், எனக்கு எழும்பேலாது. அம்மாவுக்கு ஏலும்" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். இடது குதிக்காலில் இரண்டு ரூபாக் குற்றியளவு சிவந்திருந்தது.

இனி என் கேள்விக்கு வருகிறேன். நேசிக்கும் ஒருவருக்கு வலி தர நமக்கு உரிமை உண்டா? அதுவும் அவர் "வேணாம்" என்று சொல்லும்போது?

உம்மா வேண்டாம் என்றுதான் சொன்னா. "காணும் மகன், என்னை விடு. அல்லாஹ் எடுக்கட்டும்" என்றா. பெரியவரின் சொல்லுக்கு மேலே நடப்பது மரியாதையல்ல. முதியவரைக் குழந்தையாக்கி அவருக்காக நாமே முடிவெடுப்பது பாசத்தின் பெயரால் நடக்கும் இன்னோர் அநியாயம். ஆகவே "அழுதாலும் பரவாயில்லை, இழுத்து நடத்து" என்பது எனக்கு உடன்பாடில்லை. உடல் முழுதும் நோய் முற்றி, மூச்சு எண்ணப்படும் நிலையில் இருப்பவரை நிற்க வைப்பதும் கொடுமைதான். அங்கே படுக்கையும் அருகிருப்பும்தான் சரியான இரக்கம், மூத்தம்மாவுக்குக் கிடைத்த அதே இரக்கம்.

ஆனால் "விடு" என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். அது ஒருவர் யோசித்து எடுத்த முடிவாக இருக்கலாம். வலியும் களைப்பும் பேசும் பேச்சாகவும் இருக்கலாம். வலி குறைந்து மனம் தெளிந்த நேரத்தில் கேட்டால்தான் எது என்று தெரியும். நான் அப்படிக் கேட்கவில்லை. எனக்கு முன்னால் இரண்டே வழிகள் இருப்பதாக நினைத்தேன்: வலியோடு நடத்துவது, வலியில்லாமல் கிடத்துவது. நடத்துவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் வலிக்குளிசை கொடுக்கலாம் என்ற மூன்றாவது வழி ஆஸ்பத்திரித் தாளின் முதல் வரியிலேயே இருந்தது. நான் அந்தத் தாளை விரிக்கவில்லை.

தாளை விரித்த பிறகு ஒருநாள், குளிசை கொடுத்துத் தலையணை வைத்து நிமிர்த்தி, "உம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். என்னிடம் சொல்லவில்லை. நான் எழும்பிப் போன பின் மருமகளிடம் சொன்னா: "மகள், நடக்கிறது ஓடுறது ஒண்டும் வேணாம். கக்கூசுக்கு நானாப் போய் வந்தாக் காணும்."

அவ்வளவுதான். மறைவாகப் போய் மறைவாக வருவது. விறாந்தையில், ஊர் முழுதும் வந்து பார்க்கும் இடத்தில் கட்டிலைப் போட்டு நான் கௌரவித்தேன். அவவோ அந்த ஐந்து வாரமும் வெட்கத்தில் கிடந்திருக்கிறா. மரணத்தைக் கேட்டதுகூட அந்த வெட்கத்திலிருந்துதான் என்று இப்போது நினைக்கிறேன். வலியைப் போக்க ஆள் இருந்தது, வெட்கத்தைப் போக்க யாரும் முன்வரவில்லை.

கட்டிலை உள்ளறைக்கு மாற்றினோம். அங்கிருந்து மலசலகூடத்துக்கு 18 காலடி. இடுப்பு ஆணியடித்தவர் குந்தி இருக்க முடியாது, ஆகவே மேசன் தம்பி பிளாஸ்டிக் கதிரையின் நடுவை வெட்டிக் குழிக்கு மேலே அசையாமல் பொருத்தினார். சுவரில் பிடிக்க ஒரு இரும்புக் குழாய். வாசற்படியை இடித்துச் சரிவாக்கினார். கிணற்றடிப் பாசியையும் சுரண்டித் தும்பு போட்டுத் தேய்த்தோம், அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். முதல் நாள் கட்டிலின் ஓரத்தில் இருத்தினோம். இரண்டாம் நாள் வோக்கரைப் பிடித்து நின்றா. மூன்றாம் நாள் மூன்று காலடி. உம்மா அழுதா. நான் தாள் சொன்னபடி பக்கத்தில் நின்றேன். "பாவம்" என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. பதினொரு நாளில் 18 காலடியும் போய், கதவைச் சாத்திக்கொண்டா. வெளியே நான், மனைவி, மகன். அந்தச் சாத்திய கதவைப் பார்த்து என் மனைவிதான் அழுதாள்.

தொழுகையிலும் ஒன்று கற்றேன். நின்று தொழ முடியாதவர் இருந்து தொழலாம், இருக்கவும் முடியாதவர் படுத்துத் தொழலாம் என்பது நம் மார்க்கம் தந்த சலுகை. எல்லோருக்கும் தெரிந்த சட்டம். இதை இவ்வளவு காலமும் இலகுபடுத்தல் என்ற ஒரு கண்ணால்தான் பார்த்திருந்தேன். இந்தச் சட்டத்துக்கு ஒரு வரிசை உண்டு. இருக்க முடிந்தவரைப் படு என்று அது சொல்லவில்லை. ஒவ்வொரு படியிலும், "இதற்கு உன்னால் முடியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த படிக்கு இறக்குகிறது. சலுகை தரும்போதே முடிந்ததைச் செய்யும் கண்ணியத்தை அது பறிப்பதில்லை. நாங்கள் உம்மாவை அந்த வரிசையின் கடைசிப் படியில் நேரே கொண்டுபோய்க் கிடத்தினோம். முதற்படியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இப்போது உம்மா கதிரையில் இருந்து தொழுகிறா. நெற்றி நிலத்தில் படவில்லையே என்ற கவலை அவவுக்கு இன்னும் உண்டு. மௌலவி வந்து விளக்கிய பிறகும் அந்தக் கவலை முழுதாகப் போகவில்லை. அது அவவுக்கும் றப்புக்கும் இடையிலான விடயம், நான் தலையிடுவதில்லை.

நமது மொழியில் நோய் தீர்வதையும் குணம் என்கிறோம், மனிதரின் நடத்தையையும் குணம் என்கிறோம். எலும்பு பொருந்துவது டொக்டரின் கையில். ஆள் எழும்புவது வீட்டாரின் குணத்தில். நம் வீடுகளில் பாசத்துக்குப் பஞ்சமில்லை. அந்தப் பாசத்தில் பெரும்பகுதி வைத்தியம் எட்டாத காலத்தில், முகாமில், இடப்பெயர்வில், மருந்தில்லாத வருடங்களில் உருவானது. அன்று அது சரியாக இருந்தது. வைத்தியம் மாறியபோது பாசமும் தன் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். விசிறுவதிலிருந்து வோக்கரைப் பிடிப்பதற்கு, பாதத்தைத் தடவுவதிலிருந்து குதிக்காலைத் திருப்பிப் பார்ப்பதற்கு. இது அன்பைக் குறைப்பதல்ல. சொல்லப்போனால் இதுதான் கஷ்டமான அன்பு. இதற்கு ஊரார் கண் கலங்கமாட்டார்கள். தாயை அழ வைக்கும் மகனை யார் மெச்சுவார்கள்?

ஒன்று என்னை இன்னும் உறுத்துகிறது. அந்த நான்காம் வாரத்தில், இரத்தக்கட்டி உடைந்து உம்மா மவுத்தாகியிருந்தால், ஜனாஸாவுக்கு வந்தவர்கள் என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்? "கடைசி வரைக்கும் காலைப் பிடிச்ச மகன்" என்று சொல்லியிருப்பார்கள். நானும் நம்பியிருப்பேன். "இன்னா லில்லாஹி" சொல்லி என் குற்றத்தை விதியோடு சேர்த்து அடக்கம் செய்திருப்பேன். நான் செய்தது தவறென்று எனக்குத் தெரியவந்தது உம்மா பிழைத்ததால் மட்டுமே. நம் மையவாடிகளில் எத்தனை மூத்தம்மாக்கள் இப்படிப் பாசத்தோடு படுக்க வைக்கப்பட்டுப் போய்ச் சேர்ந்தார்கள் என்று நினைக்கும்போது, அவர்களுடைய பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இனி விழப்போகிறவர்களின் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

உம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறா. இடக்கால் கொஞ்சம் கட்டை, செருப்புத் தைப்பவர் ஓர் அடி கூட்டித் தைத்துத் தந்தார். மழைக் குளிருக்குத் திருகாணி இருக்கும் இடம் நோகிறது. பாயில் இருக்க முடியாது என்பதுதான் அவவுக்குப் பெரிய இழப்பு. நிகாஹ் வீடுகளில் சஹனைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்து ஒன்றாகக் கை வைக்கும்போது உம்மா சுவரோரக் கதிரையில் தனியாக, தனிப் பீங்கானில் சாப்பிட்டா. இரண்டு கலியாணங்களில் அப்படி நடந்தது. மூன்றாவது, தங்கச்சியின் மகளுடைய கலியாணம். "நீங்க அங்க வசதியா இருங்க மாமி" என்று யாரோ சொன்னபோது, "வசதி வேணாம், சஹனை மேசையில வை" என்றா உம்மா. ஒரு கணம் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு மேசையைத் துடைத்துச் சஹனைத் தூக்கி வைத்தார்கள். ஐந்து பெண்கள் கதிரைகளை இழுத்துப் போட்டு உம்மாவைச் சுற்றி அமர்ந்தார்கள்.